சேப்பர்: தமிழில் அகழ்வீரர்

இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையில் சிப்பாய்க்குப் பதவிப்பெயரே சேப்பர்தான். இத்தாலிய மொழியில் ‘ஸப்பா’ என்றால் மண்வெட்டி. அது பிரெஞ்சுக்குப் போய், முற்றுகையிட்ட கோட்டையை நோக்கி வெட்டிச் செல்லும் பள்ளத்துக்குப் பெயரானது. பள்ளம் வெட்டுபவர் சேப்பர்.

இதைச் ‘சுரங்கம் தோண்டுபவர்’ என்று எழுதுவது பாதிதான் சரி. சேப்பர் வெட்டுவது திறந்த பள்ளம். முன்னால் போகிறவர் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வெட்டுவார். பின்னால் வரும் மூவரும் ஆளுக்கு அரையடி கூட்ட, நான்காமவர் கையில் அது மூன்றடிப் பள்ளமாகும். ஊரணி வெட்டும்போது மண்ணைக் கரையில் போடுவதுபோல, இங்கே எதிரி இருக்கும் பக்கம் அடியில்லாத மிலாறுக் கூடைகளை நிறுத்தி, வெட்டிய மண்ணை அவற்றில் கொட்டுவார்கள். இரண்டு கூடைக்கு நடுவே இடுக்கு விட்டால் அதன் வழியே குண்டு வரும். அங்கே மண்மூட்டை செருக வேண்டும். பள்ளம் நேராகப் போகவும் கூடாது. போனால் கோட்டையிலிருந்து சுடும் ஒரே குண்டு அதன் நீளத்துக்கும் பாயும். அதனால்தான் வளைத்து வளைத்து வெட்டுவது.

பூமிக்கடியில் குடைந்து வெடிமருந்து வைப்பவர் மைனர். மருந்து வைத்தபின் குடைந்த வழியை மண்ணால் இறுக அடைக்காவிட்டால், வெடி கோட்டையைத் தூக்காமல் வந்த வழியே திரும்பும்.

அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுன் முற்றுகை இவர்கள் வேலைக்கு நல்ல சான்று. 1781 அக்டோபர் 6 இரவு முதல் பள்ளம், 11 இரவு இன்னும் நெருங்கி இரண்டாவது. 14 இரவு அமெரிக்கச் சேப்பர்கள் கோடரியோடு முன்னே போய் ஆங்கிலேயரின் அரண்வேலியை வெட்டினார்கள். 19-ல் ஆங்கிலேயர் சரணடைந்தார்கள்.

செட்டிநாட்டில் இதே தொழில் எதிர்ப்பக்கம், அதாவது ஆங்கிலேயர் பக்கம் நின்றது. 1801-ல் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட ஆங்கிலேயர் பயனியர் என்ற வழிவெட்டும் படையாட்களை இறக்கினார்கள். மருது படையின் ஓயாத தாக்குதலில் அந்த வழியைக் கைவிட்டு, வேறு வழியாகப் போய்த்தான் அக்டோபர் 1-ல் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். 1780-ல் தொடங்கிய அந்த மதராஸ் பயனியர் படைக்குச் ‘சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்ற பெயர் 1831-ல்தான் வந்தது. ஆகவே சிறுவயலில் காடு வெட்டியவர்களைச் சுரங்கப்படை என்பது இரட்டைத் தவறு; வழிவெட்டிப் படை என்பதே பொருந்தும்.

சேப்பருக்கு அகழ்வீரர், மைனருக்குச் சுரங்கவீரர் என்று பிரித்து எழுதலாம். நிலத்தடி வழிக்குச் ‘சுருங்கை’ என்ற பழஞ்சொல்லே உண்டு. சிலப்பதிகார மதுரையில் சுருங்கை வீதி வருகிறது. இன்றைய பதவியைச் சொல்லும்போது மட்டும் சேப்பர் என்றே விடுவது நல்லது. இன்று அவர் பாலமும் கட்டுகிறார், கண்ணிவெடியும் அகற்றுகிறார்.