வாட்டர்ஃபிரண்ட் – நீர்முகப்பு: சொல் விளக்கம்

துறைமுக நகரங்களின் சீரமைப்பைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘வாட்டர்ஃபிரண்ட்’ என்னும் சொல் வந்ததும் ‘கடற்கரை’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோவதுண்டு. இதனால் பொருளே மாறிவிடுகிறது. கடற்கரை என்பது நிலம் சரிந்து நீருக்குள் இறங்கும் இயற்கை விளிம்பு. வாட்டர்ஃபிரண்ட் என்பதோ ஒரு நகரம் தன் தெருக்களோடும் கட்டடங்களோடும் நீரைச் சந்திக்கும் இடம். வணிகத் துறைமுகம் உள்ள ஊரில், கப்பல் பக்கவாட்டில் ஒட்டி நிற்பதற்காக அங்கே கரையைச் செங்குத்துச் சுவராகக் கட்டியிருப்பார்கள். சுவரின் ஓரத்தில், வடம் உராய்ந்து உராய்ந்து வழவழப்பாகிப்போன குட்டையான இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும். ஆற்றோரத்துக்கும் ஏரிக்கரைக்கும் இச்சொல் பொருந்துமாதலால், அதைக் கடலோடு மட்டும் பிணைப்பதும் சரியன்று.

ஆங்கிலச் சொல்லின் பின்பாதியான ‘ஃபிரண்ட்’, நெற்றியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆகவே, நீரை நோக்கிய முகம் என்னும் உருவகம் அதற்குள்ளேயே இருக்கிறது. நம் ‘துறைமுகம்’ என்ற சொல்லிலும் முகம் உண்டு. துறை என்பது நீருக்குள் இறங்கவும் நீரிலிருந்து ஏறவும் உரிய இடம். படித்துறை, தோணித்துறை ஆகியவற்றில் அப்பொருள் இன்றும் மாறாமல் இருக்கிறது. (துறை என்றதும் அரசு அலுவலகம் நினைவுக்கு வருவது பிற்கால வழக்கின் விளைவு.) முகம் என்பது இங்கே வாயிலையும் குறிக்கும், கழிமுகம், முகத்துவாரம் ஆகிய சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த வாயிலில் நடக்கும் வேலையை, காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை ‘நீரினின்று நிலத்தேற்றவும், நிலத்தினின்று நீர்ப்பரப்பவும்’ என்று இரண்டே தொடரில் சொல்லிவிடுகிறது. சரக்கு ஏறுவதும் இறங்குவதுமே அந்த விளிம்பின் உயிர்.

அந்த உயிர் இடம்பெயர்ந்தபோதுதான் வாட்டர்ஃபிரண்ட் நகரமைப்பாளரின் கலைச்சொல்லாகப் பரவியது. 1956ஆம் ஆண்டு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 கொள்கலன்களை, அதாவது சரக்கை உள்ளே அடைத்து அப்படியே ஏற்றி இறக்கும் பெரிய பெட்டிகளை, ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கொள்கலன் கப்பல்கள் பெருகப் பெருக, ஆழமான நீரும் பரந்த திறந்தவெளியும் தேவைப்பட்டன. நகரின் நடுவே இருந்த பழைய துறைகளில் அவ்விரண்டும் போதவில்லை. சரக்கு வேறிடத்துக்குப் போக, கிடங்குகள் பூட்டிக் கிடந்தன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பழைய துறையை ஒட்டிய அங்காடி வளாகம் 1980இல் திறக்கப்பட்டது. லண்டனின் கைவிடப்பட்ட கப்பல்துறைப் பகுதிகளை மீட்டெடுக்க 1981இல் தனிக் கழகமே அமைக்கப்பட்டது.

இனித் தமிழ் நிகர். ‘கரையோரம்’ இடத்தைச் சொல்கிறது, முகத்தைச் சொல்லவில்லை. ‘நீர்முனை’ என்றால் கடலுக்குள் நீண்ட நிலமுனை என்று மயங்க இடமுண்டு. ‘நீர்முகப்பு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முகப்பு என்பது வீட்டின் முன்பகுதி, வருவோரை வரவேற்கும் இடம். கிடங்குகளும் சரக்கு இருப்புப்பாதைகளும் வேலிகளும் குறுக்கே எழுந்தபோது, பல ஊர்களில் நீர்ப்பக்கம் கொல்லைப்புறமாகிவிட்டது. கொல்லைப்புறத்தை மீண்டும் முகப்பாக்குவதையே சீரமைப்பாளர் வாட்டர்ஃபிரண்ட் திட்டம் என்கிறார்கள்.

துறைமுகம் தொடர்ந்து இயங்கும் ஊரில் இச்சொல்லை இன்னும் கவனமாக ஆள வேண்டும். கப்பல் நின்று சரக்கு இறக்கும் இடத்துக்குச் ‘சரக்குத் தளம்’ என்ற பெயர் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. மக்கள் நடக்கும் பகுதியை ‘உலாப்பாதை’ எனலாம். இவ்விரண்டையும் தாங்கி நிற்கும் விளிம்பு முழுவதற்கும் ‘நீர்முகப்பு’ பொதுப்பெயர். ‘துறைமுகப்பு’ என்றும் சொல்லலாமே என்று கேட்கக்கூடும். பொருளில் குறையில்லை, ஆனால் கேட்கும் காதுக்கு அது துறைமுகமாகவே ஒலிக்கும், மெய்ப்புத் திருத்துபவரும் அதை அச்சுப்பிழை என்று கருதித் துறைமுகம் என்றே மாற்றிவிடுவார்.