கையெழுத்துப் போட முடியாத காலத்துக்கு என்ன ஏற்பாடு?

அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் பெயரிலுள்ள எஃப்.டி.யை உடைக்க வேண்டும். "நான்தான் நாமினி" என்று மகன் வங்கியில் போய் நிற்பார். அப்பா உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு அந்தக் கணக்கில் எந்த அதிகாரமும் இல்லை. உயிலும் அப்படித்தான், எழுதியவர் காலத்துக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும்.

"பவர் எழுதி வாங்கியிருக்கிறோமே" என்பார்கள், அதாவது அப்பாவுக்காகக் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் வாங்கிய முகவரின் அதிகாரமும் முடிந்துவிடுகிறது. கை கால் மட்டும் முடங்கி நினைவு தெளிவாக இருந்தால் பவர் செல்லும். டிமென்ஷியா என்ற மறதி நோய் முற்றிவிட்டால் செல்லாது. டிமென்ஷியாவில் நினைவு போன தேதி இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அந்த பவரை வைத்து முடித்த கிரயத்தைப் பின்னாளில் கூடப்பிறந்தவர்களே எதிர்த்து வழக்குப் போடலாம். நினைவு தவறிய பிறகும் தொடரும் பவருக்கு வேறு பல நாடுகளில் தனிச் சட்டம் உண்டு. இந்தியாவில் இல்லை.

ஆகவே முதல் வேலை வங்கியில். பெற்றோர் கணக்கில் நம்பகமான ஒரு பிள்ளையைச் சேர்த்து 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில், அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும் கணக்கை இயக்கும்படி வைக்கலாம். ஆனால் எஃப்.டி.யில் ஒரு சிக்கல். முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்துப் போதும். முன்கூட்டியே உடைக்க இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். ஒருவரே உடைக்கலாம் என்று இருவரும் சேர்ந்து முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் இந்தத் தடை வராமல் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கடிதத்தை வங்கி பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்கி ரசீதோடு வையுங்கள்.

கை வராதவர் கைநாட்டு வைக்கலாம், கால் பெருவிரல் ரேகையும் செல்லும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். இது உடல் முடியாதவர்களுக்கான வழி. நினைவு இல்லாதவருக்கு உதவாது.

மருத்துவக் காப்பீட்டை நம்பி மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள். வழக்கமான பாலிசி ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சைக்கானது. வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம், டயப்பர், ஆண்டுக்கணக்கான பராமரிப்பு எதுவும் அதில் வராது. அதெல்லாம் பென்ஷனிலும் வட்டியிலும்தான் ஓட வேண்டும்.

வீட்டைப் பிள்ளைக்கு செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதும்போது "உன்மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்பதோடு பத்திரத்தை முடித்துவிடுகிறார்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவு, கவனிக்கத் தவறினால் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. ஆனால் அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும். அது இல்லாத ஒரு பத்திரத்தை ரத்து செய்ய 2022இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே பிரிவைத் தாராளமாக வாசித்தது. எந்தப் பக்கம் தீர்ப்பு சாயும் என்று காத்திருப்பதைவிட, சோறு, மருந்து, தங்க இடம் தர வேண்டும், தவறினால் ரத்து என்று இரண்டு வரி எழுதிவிடலாம். ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையையும் பெற்றோர் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். தமிழ்நாட்டில் புகார் போவது வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு.

உயிலோ செட்டில்மென்டோ, எழுதும் நாளிலேயே "நல்ல நினைவோடு இருக்கிறார்" என்று மருத்துவர் சான்று ஒன்று வாங்கிவிடுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். அதில் ஒருவர் அந்த மருத்துவராகவே இருந்தால் இன்னும் நல்லது.

எதுவும் செய்யாமலே நினைவு தப்பிவிட்டால் மிஞ்சுவது நீதிமன்றம். கோமாவிலிருந்த கணவரின் சொத்தை விற்க 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் மனைவிக்கு அனுமதி தந்தது. அதுவும் மேல்முறையீட்டில்தான் கிடைத்தது, 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.