கத்தாழை போட மானியம் உண்டா? ராமநாதபுரம் கடலோரத்துல இருக்கவங்களுக்கு

மண்டபம், உச்சிப்புளி, சாயல்குடி பக்கம் மணக்காடு வெச்சிருக்கவங்க நிறைய பேரு கேக்குறது, சோத்துக்கத்தாழை போட்டா கவர்மெண்ட் காசு தருமான்னுதான். கத்தாழைக்குன்னே 30 சதவீத மானியம் தேசிய ஆயுஷ் மிஷன்கிற மத்திய அரசோட பாரம்பரிய மருத்துவத் திட்டத்துல முன்னாடி இருந்துச்சு, ஆனா அந்த மிஷன்ல மூலிகைப் பயிருக்கான பகுதி 2021 மார்ச்சோட முடிஞ்சிருச்சு. அந்தப் பேரைச் சொல்லி யாராச்சும் கன்னு வாங்கிக்கங்க, மானியம் நாங்க எடுத்துத் தர்றோம், மடலையும் நாங்களே வாங்கிக்கிறோம்னு முன்பணம் கேட்டா தயவுசெஞ்சு குடுத்துறாதீங்க.

நம்ம உரிமையா கேட்டு வாங்க வேண்டியது சொட்டுநீர் மானியம். தமிழ்நாட்டுல சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், 5 ஏக்கர் வரைக்கும். மத்தவங்களுக்கு 75 சதவீதம், பன்னிரண்டரை ஏக்கர் வரைக்கும். ஜிஎஸ்டியும் அரசே கட்டிரும், அரசு நிர்ணயிச்சு வெச்சிருக்க செலவுத்தொகைக்கு (யூனிட் ரேட்) மேல போனா மட்டும் அது நம்ம கைக்காசு. கத்தாழைதான் தண்ணி இல்லாமயே நிக்குமே, சொட்டுநீர் எதுக்குன்னு கேப்பீங்க. நிக்கும், ஆனா மடல் மெலிஞ்சு கிடக்கும், வாங்குறவங்க எடைக்குத்தான் காசு தருவாங்க, நம்ம மணல்ல பாய்ச்சுற தண்ணி பூரா கீழ எறங்கிரும், அதனால கொஞ்சங்கொஞ்சமா வேருலயே விட்டாத்தான் மடல் தடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி கட்டுற தாழ்வான இடம்னா மேட்டுப்பாத்தி போட்டு நடுங்க, இல்லாட்டி வேர் அழுகிரும்.

போக வேண்டிய இடம் உங்க வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் ஆபீஸ். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோ, மண்ணு தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட், கூடவே தாசில்தார் குடுக்குற சிறு குறு விவசாயி சான்று. இந்தச் சான்று இல்லேன்னா 100 சதவீதம் கிடைக்காது, அதை முதல்ல வாங்கிருங்க. கூட்டுப்பட்டாவா இருந்தா மத்த பங்காளிங்ககிட்ட சம்மதம் எழுதி வாங்கணும், நம்ம பக்கம் பாதி மனு இங்கதான் நிக்குது, அண்ணன் தம்பி ஒருத்தர் சவுதியில இருப்பாரு, ஒருத்தர் சென்னையில இருப்பாரு, அதனால ஊருக்கு வரும்போதே கையெழுத்து வாங்கி வெச்சுக்கங்க. குத்தகை நிலம்னா 7 வருசக் குத்தகைப் பத்திரம் வேணும். சொட்டுநீர் போட்டுத் தர்ற கம்பெனிய நீங்கதான் தேர்ந்தெடுக்கணும், அதை யாருக்கும் விட்டுக்குடுக்காதீங்க. ஒரு தடவ வாங்குன நிலத்துக்கு 7 வருசம் கழிச்சுத்தான் திரும்பக் கேக்க முடியும்.

தண்ணி டெஸ்ட்டை சும்மா பேப்பருக்குன்னு நெனச்சுறாதீங்க. கடலோரத்துல போர் தண்ணி உப்பு ஏறிக் கிடக்கு, உப்பு படிஞ்சு தண்ணி சொட்டுற ஓட்டை (சொட்டுவான்) அடைச்சுக்கும். ராமநாதபுரத்துலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு, ரிப்போர்ட்டை அங்க காட்டி இந்தத் தண்ணிக்குக் கத்தாழையும் சொட்டுக்குழாயும் தாங்குமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. சொட்டுநீர் போடுறவங்களுக்குத் துணை நீர் மேலாண்மைன்னு இன்னொரு திட்டம் இருக்கு, மோட்டாருக்கு 15,000 ரூபா வரைக்கும் பாதி மானியம், தரைத்தொட்டிக்கும் பாதி மானியம் உண்டு. இதை நம்மளா கேட்டாத்தான் சொல்றாங்க.

மூணடிக்கு ரெண்டடி நட்டா ஏக்கருக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கன்னு, ஏழெட்டு மாசத்துல வெட்டலாம். வெட்டின மடல் ரொம்ப நாள் தாங்காது, அதனால எடுக்குற ஆளைப் பேசி வெச்சுட்டு நடுங்க, இல்ல நீங்களே ஜூஸ் போடுங்க. ஜூஸ்னா சின்ன உணவுத் தொழிலுக்குன்னு மத்திய அரசு வெச்ச பிஎம்எஃப்எம்இ திட்டத்துல 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம், நம்ம பங்கு 10 சதவீதம், மகளிர் குழுன்னா ஒரு ஆளுக்கு 40,000 ரூபா தொடக்க நிதி. 2025-26 வரைக்கும்தான் நீட்டிச்சிருந்தாங்க, இப்ப நடக்குதான்னு மாவட்டத் தொழில் மையத்துல கேட்டுட்டு பேப்பர் ரெடி பண்ணுங்க. மடல வெட்டுனதும் வடியுற மஞ்சப்பால நல்லாக் கழுவிட்டுத்தான் ஜூஸ் போடணும், அது உள்ள போனா வயித்தால போகும். ஜூஸுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை பதிவும் கட்டாயம்.

சோப்பு, ஷாம்பு, முகத்துக்குப் போடுற ஜெல் இதெல்லாம் உணவு கிடையாது, அதனால அந்த 35 சதவீதம் இதுக்கு வராது. இதுக்கு பிஎம்இஜிபின்னு சுயதொழில் தொடங்க மத்திய அரசோட லோன் திட்டம், கிராமத்துல பொதுப்பிரிவுக்கு 25, பெண்கள், பிசி, எஸ்சி, எஸ்டி, சிறுபான்மையினருக்கு 35 சதவீத மானியம், இதுவும் 2025-26 வரைக்கும்னுதான் இருந்துச்சு, இப்ப நடக்குதான்னு கேட்டுக்கங்க. வீட்டுல காய்ச்சி ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற அக்காமாருங்க இதைக் கவனிங்க, ஒரு பாட்டில் வித்தாலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட தயாரிப்பு லைசென்ஸ் வேணும், லோன் மனு போடும்போதே அதுக்கும் சேத்து எழுதிப் போட்டுருங்க.