விறகிலிருந்து நீர் வெளியேறும் வழி

கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் கடலோர மணலில் சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர்கள், நட்ட நான்கைந்து ஆண்டுகளில் மரங்களை வெட்டிவிடுகிறார்கள். நேரான கழிகள் சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் போக, அடிக்கட்டையும் வேர்க்கட்டையும் மிலாறு எனப்படும் சிறு கிளைகளும் வீட்டு அடுப்புக்கு எஞ்சுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தின் ரயில் எஞ்சின்களையே ஓட்டிய விறகு இது. சவுக்கு பச்சையாக இருக்கும்போதே ஓரளவு பற்றிக்கொள்ளும் என்பதால், வெட்டிய சில நாட்களிலேயே அதை அடுப்பில் வைத்துவிடுவோர் உண்டு. அப்படி எரிப்பதில் எவ்வளவு இழக்கிறோம், எப்படி இழக்கிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வெட்டிய அன்று பல மரங்களின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீராகவே இருக்கும். 10 கிலோ பச்சை விறகில் 4 கிலோ நீர் இருப்பதாகக் கொள்வோம். அந்த நீரைக் கொதிநிலைக்குச் சூடாக்கி ஆவியாக்க, கிலோவுக்கு ஏறத்தாழ 610 கிலோகலோரி என, மொத்தம் 2,440 கிலோகலோரி செலவாகும். எஞ்சிய 6 கிலோ மரப்பொருள் முழுமையாக எரிந்தால் சுமார் 27,000 கிலோகலோரி தரும். ஆக, ஆவியாக்கத்தில் நேரடியாகப் போவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். பெரிய இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது.

கட்டை சூடாகும்போது அதன் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் வாயுக்களாகப் பிரிந்து வெளியேறுகிறது. நாம் காணும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். அவை முழுமையாக எரிவதற்குக் காற்றும், சுமார் 600 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் வேண்டும். ஈரக் கட்டையில் நீர் ஆவியாகி முடியும்வரை அதன் உட்பகுதி 100 டிகிரியை ஒட்டியே நிற்பதாலும், வெளிவரும் நீராவி சுவாலையைக் குளிர்விப்பதாலும், அந்த வாயுக்களில் பெரும்பகுதி எரியாமல் புகையாகவும் கரிப்பிசினாகவும் போய்விடுகிறது. அந்தப் புகையை மூச்சில் வாங்குபவர் அடுப்பின் முன் அமர்ந்து சமைப்பவர். ஆகவே விறகைக் காயவைப்பது சிக்கனத்தை விடப் பெரிய பொறுப்பு என்றே கருதுகிறேன்.

மரம் என்பது வேரிலிருந்து நீரை மேலேற்றுவதற்காக நீளவாக்கில் அமைந்த நுண்குழாய்களின் தொகுதி. வெட்டிய பிறகும் நீர் அதே வழியைத்தான் நாடுகிறது: குறுக்கே கசிவதைப் போலப் பத்து முதல் பதினைந்து மடங்கு வேகத்தில் அது நீளவாக்கில் நகர்ந்து, அறுத்த முனைகள் வழியே வெளியேறுகிறது. பட்டையோ நீரை வெளியே விடாமல் காப்பதற்கென்றே மரத்தின் மேல் வளர்ந்தது. எனவே நீளக் கட்டையை ஒன்றேகால் அடி அளவில் துண்டு போட்டால் முனைகள் பெருகும். பிளந்தால் பட்டையில்லாத புதிய முகங்கள் கிடைக்கும். கட்டையின் தடிமன் பாதியானால் நீர் குறுக்கே கசிந்து வெளிவர ஆகும் காலம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும் என்பதால், பிளப்பதற்குச் செலவிடும் உழைப்பு வீணாவதில்லை.

பிளப்பதும் அந்தக் குழாய் அமைப்பின் பயனே. நார்களைக் குறுக்கே அறுப்பது கடினம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது எளிது. கோடாலியின் ஆப்பு வடிவம் கீழ்நோக்கிய வேகத்தைப் பக்கவாட்டு விசையாக மாற்றுகிறது. பிளவு தொடங்கியதும் அது கூர்முனைக்கு முன்னால் ஓடுகிறது. அதன் பிறகு கூர்மையைக் காட்டிலும் தலையின் அகலமே வேலை செய்கிறது. வீச்சின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், எடை மிகுந்த கோடாலியை மெதுவாகப் போடுவதைவிட, கையாளக்கூடிய எடையுள்ளதை விரைந்து வீசுவது மேல். காயும்போது மரம் அதன் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து பட்டை நோக்கிய ஆரத் திசையைப் போல ஏறக்குறைய இருமடங்கு சுருங்குகிறது. அதனால்தான் முனையில் வெடிப்புகள் நடுவிலிருந்து பட்டையை நோக்கி விரிகின்றன. அந்த வெடிப்பின் கோட்டிலேயே கோடாலியை இறக்க வேண்டும். கணு உள்ள பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். புளியமரம் இதற்கெல்லாம் எளிதில் இணங்காது. அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் கறிக்கடைக்காரர்கள் அதை வெட்டுக்கட்டையாக வைத்திருக்கிறார்கள். அதற்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும் தேவைப்படும்.

அடுக்கும்போது முதல் வரிசையைத் தரையில் படவிடக் கூடாது. செங்கல் அல்லது கல்லின் மேல் இரண்டு கழிகளைக் கிடத்தி, அவற்றின் மேல் அடுக்கினால் மண்ணின் ஈரம் ஏறாது. கறையான் ஏறினாலும் அதன் மண்புற்று கண்ணில் பட்டுவிடும். முனைகள் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். கட்டையைச் சூழ்ந்த ஈரக்காற்று அகன்றால்தான் அடுத்த ஈரம் வெளிவரும் என்பதால், வெயிலைப் போலவே காற்றோட்டமும் இன்றியமையாதது. மேலே மட்டும் தகரமோ கீற்றோ போதும். நாற்புறமும் தார்ப்பாய் போர்த்துவது ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பூஞ்சை பிடிக்க வைக்கும்.

தை, மாசியில் வெட்டிப் பிளந்த சவுக்குக்குக் கோடை முழுவதும் கிடைக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அதைக் கூரைக்குள் சேர்த்துவிடலாம். அதற்கும் மேல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதால் பயனில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடாக உள்ள கடலோரத்தில், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு நீர் எப்போதும் தங்கியே இருக்கும். அதன் பிறகு விறகு காய்வதில்லை, உளுத்துப்போகத்தான் செய்யும். அந்த நிலை வந்துவிட்டதா என்று அறிய, அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து அடையாளமிட்டு, வாரம் ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்து, மீண்டும் அதே இடத்தில் செருகிவிட வேண்டும். அதன் எடை குறைவது நின்ற வாரத்தில் விறகு அடுப்புக்கு ஏற்றதாகிவிட்டது.