சிறந்த கால்பந்து வீரர் விருது, அர்ஜுனா விருது: எதை யார் கொடுக்கிறார்கள்?

ஆண்டுதோறும் "இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரர்" என்று ஒருவர் பெயர் செய்தியில் வரும். அதைப் படிக்கிற பலரும் இது மத்திய அரசு கொடுக்கும் விருது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மகனையோ மகளையோ மாவட்ட அணியில் ஆடவைத்திருக்கும் பெற்றோர் சிலர், இதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்றும் கேட்பதுண்டு. இதற்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பிக்க வேண்டியது வேறொரு விருதுக்கு. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

முதலில், ஆண்டின் சிறந்த வீரர் விருது. இதைக் கொடுப்பது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், அதாவது ஏஐஎஃப்எஃப். 1990களின் தொடக்கத்திலிருந்து கொடுத்துவருகிறது. முன்பு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று காலண்டர் ஆண்டைக் கணக்கில் வைத்தார்கள். 2018–19 முதல் சீசன் கணக்கு. அதனால்தான் இப்போது விருதின் பெயரோடு இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வருகின்றன. இந்திய வீரர்களுக்கு மட்டுமே இந்த விருது. ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் கிளப் தொடரில் அதிக கோல் அடித்தவருக்குத் தரும் தங்கக் காலணி வேறு. அதை வெளிநாட்டு வீரரும் வாங்கலாம்.

தேர்வு எப்படி நடக்கிறது? பல ஆண்டுகளில் ஐஎஸ்எல் அணிகளின் பயிற்சியாளர்களும், இன்னொரு தேசிய கிளப் தொடரான ஐ-லீக் அணிகளின் பயிற்சியாளர்களும் போட்ட வாக்குதான் முடிவு செய்தது. 2020–21இல் சந்தேஷ் ஜிங்கன் அப்படித்தான் தேர்வானார். ஆனால் அடுத்த சீசனிலேயே முறை மாறியது. ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் சுனில் சேத்ரியின் பெயரைச் சொன்னார். பெண்கள் அணிப் பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி மனிஷா கல்யாணைச் சொன்னார். அப்படியே அறிவித்துவிட்டார்கள். ஒரே விருதுக்கு ஓராண்டு பலர் வாக்கு, மறு ஆண்டு ஒருவர் வாக்கு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விதி எழுத்தில் நிலையாக இருந்தால்தான் விருதுக்கு மதிப்பு.

பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் முறையில் ஒரு நன்மை உண்டு. கோல் கணக்கில் தெரியாத ஆட்டம் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். பட்டியலைப் பாருங்கள்: 2009இல் கோல்கீப்பர் சுப்ரதா பால், 2010இல் தடுப்பாட்டக்காரர் கௌரமாங்கி சிங், 2019–20இல் மறுபடியும் ஒரு கோல்கீப்பர், குர்பிரீத் சிங் சந்து. 2024–25 விருதை வாங்கிய, கொல்கத்தா கிளப்பான மோகன் பகானின் கேப்டன் சுபாசிஷ் போஸும் தடுப்பாட்டக்காரர்தான். ரசிகர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் இந்தப் பெயர்களில் பாதி வந்திருக்காது. மற்றபடி இது சேத்ரியின் விருது என்றே சொல்லிவிடலாம், ஏழு முறை வாங்கியிருக்கிறார். ஐ.எம். விஜயன் மூன்று முறை.

பெண்களுக்கும் தனி விருது உண்டு. ஒய்னம் பெம்பெம் தேவி, பாலா தேவி என்று மணிப்பூர்க்காரர்கள் அதிகம் வாங்கிய விருது அது. 2023–24இல் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் வாங்கினார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர், நடுக்கள ஆட்டக்காரர். நம் ஊர் செய்திகளில் அந்த விருதுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, அரசு விருது எது? அர்ஜுனா. 1961இல் மத்திய அரசு தொடங்கியது. இப்போது இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்கிறது. எல்லா விளையாட்டுக்கும் பொதுவான விருது இது. கால்பந்துக்கென்று தனி இடம் ஒதுக்கீடு கிடையாது. ஒருவர் வாழ்நாளில் ஒரு முறைதான் வாங்க முடியும். வெண்கலத்தில் அர்ஜுனன் சிலை, சான்றிதழ், 15 லட்சம் ரூபாய். இந்தத் தொகை 2020 வரை 5 லட்சமாகத்தான் இருந்தது.

ஓர் ஆண்டு நன்றாக ஆடினால் இதற்குப் போதாது. முந்தைய நான்கு ஆண்டுகளின் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். தலைமைப் பண்பு, ஒழுக்கம், களத்தில் நேர்மை ஆகியவையும் சேரும். ஊக்கமருந்து விவகாரத்தில் தண்டனை பெற்றவர்களும் விசாரணையில் இருப்பவர்களும் கேட்க முடியாது. முன்பெல்லாம் சம்மேளனமோ மாநில அரசோ பரிந்துரைத்தால்தான் பெயர் போகும். இப்போது வீரரே நேராக அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வந்த விண்ணப்பங்களை ஒரு தேர்வுக் குழு பார்க்கும். 2024 விருதுகளுக்கான குழுவுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் தலைமை தாங்கினார். குழு பரிந்துரைக்கும், அரசு முடிவெடுக்கும், குடியரசுத் தலைவர் கையால் விருது.

கால்பந்துக்காரர்களுக்குச் சிக்கல் தொடங்குவது புள்ளிக் கணக்கில். ஒலிம்பிக், உலகப் போட்டிகள், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு ஆகியவற்றில் வாங்கிய பதக்கங்களுக்குத்தான் பெரிய எடை. இந்திய ஆண்கள் கால்பந்து அணி கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 1960இல். உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை. ஆசிய விளையாட்டில் 1951இலும் 1962இலும் தங்கம், 1970இல் வெண்கலம், அதோடு முடிந்தது. காமன்வெல்த் விளையாட்டில் கால்பந்தே கிடையாது. தெற்காசியக் கோப்பையை எத்தனை முறை வென்றாலும் மல்யுத்தத்திலோ துப்பாக்கி சுடுதலிலோ ஒரு ஆசியப் பதக்கம் வாங்கியவரோடு புள்ளியில் போட்டி போட முடியாது. தனி ஆளாகப் பதக்கம் வெல்லும் விளையாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை, பதினொரு பேர் சேர்ந்து ஆடும் அணிக்கும் மாட்டிவிடப் பார்க்கிறார்கள்.

விளைவு பட்டியலிலேயே தெரிகிறது. 1961இல் பி.கே. பானர்ஜி, 1962இல் செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம், 1963இல் சூனி கோஸ்வாமி, 1964இல் ஜர்னைல் சிங் என்று ஆண்டுக்கு ஒருவராக வாங்கிய காலம் அது. 1967இல் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஆசியத் தங்கம் கையில் இருந்த தலைமுறை. பின்னால் இடைவெளிகள் நீண்டன. 2020இல் ஜிங்கனுக்குக் கிடைத்த பிறகு, 2021 முதல் 2024 வரையிலான அர்ஜுனா பட்டியல்களில் ஒரு கால்பந்து வீரரும் இல்லை. பெண்கள் நிலை இன்னும் மோசம். 1983இல் சாந்தி மல்லிக் வாங்கினார். அடுத்தவர் பெம்பெம் தேவி, 2017இல்தான்.

சம்மேளன விருது வாங்கினால் அர்ஜுனா தானாக வந்துவிடும் என்றும் இல்லை. சுப்ரதா பால் 2009இல் ஆண்டின் சிறந்த வீரர். அர்ஜுனா வந்தது 2016இல். 1995இல் சம்மேளன விருது வாங்கிய வி.பி. சத்யன், இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், சென்னையில் இந்தியன் வங்கி அணிக்கு ஆடியவர். அர்ஜுனா பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அர்ஜுனாவுக்கும் மேலே கேல் ரத்னா இருக்கிறது, 25 லட்சம் ரூபாய். 2021இல் அதற்கு மேஜர் தயான் சந்த் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு சேத்ரி வாங்கினார். கால்பந்தில் முதல் கேல் ரத்னா அவருடையதுதான்.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு நாளில் விருது என்பது பழைய வழக்கம். 2024ஆம் ஆண்டு விருதுகளைக் கொடுத்ததே 2025 ஜனவரி 17இல்தான். எனவே அமைச்சகத்தின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், நாட்டுக்காக ஆடிய போட்டிகளின் சான்றுகளை வரிசையாக எடுத்து வைத்திருங்கள். நான்கு ஆண்டுக் கணக்கு என்பதால் கடைசி நேரத்தில் தேடினால் ஏதாவது ஒன்று விடுபட்டுப்போகும்.

ஆடி ஓய்ந்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. தயான் சந்த் வாழ்நாள் விருது என்று இருந்ததை 2024இலிருந்து அர்ஜுனா வாழ்நாள் விருது என்று மாற்றியிருக்கிறார்கள். பழைய பெயரில் அதைக் கால்பந்துக்காக ஷபீர் அலி 2011இலும் சுக்விந்தர் சிங் 2020இலும் வாங்கினார்கள். பயிற்சியாளர் என்றால் துரோணாச்சாரியா. 2024இல் அதன் வாழ்நாள் பிரிவில் கோவாவின் அர்மாண்டோ கொலாசோவுக்குக் கொடுத்தார்கள். இந்த இரண்டிலும் விண்ணப்பிப்பவர் இப்போது களத்தில் ஆடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.