நமக்கு எம்.பி. ஒருவரல்ல, 19 பேர்

பாம்பனிலோ தொண்டியிலோ "உங்க எம்.பி. யாரு?" என்று கேட்டால், ராமநாதபுரம் தொகுதி உறுப்பினர் பெயரைத்தான் சொல்வார்கள். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு உள்ள 18 பேர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அவர்களுக்கு ஒரே தொகுதி, முழு மாநிலம். அதில் தனுஷ்கோடியும் அடக்கம்.

அவர்களை எம்.எல்.ஏ.க்கள் 6 ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். 6 இடத்துக்குத் தேர்தல் வந்து 234 பேரும் வாக்களித்தால், ஒருவர் ஜெயிக்க 34 வாக்கு வேண்டும். பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் எம்.எல்.ஏ.க்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஆக, சட்டமன்றத்துக்கு நாம் போடும் ஓட்டு டெல்லி வரை போகிறது.

சரி, அந்த அவைக்கு என்ன பலம்? வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவில் பலமே இல்லை. 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். சாதாரண மசோதாவில் இரு அவைக்கும் ஒத்துவராவிட்டால் கூட்டுக்கூட்டம் நடத்தலாம். அங்கே மக்களவையின் எண்ணிக்கைதான் ஓங்கும். ஆனால் 1961, 1978, 2002 என மூன்று முறைதான் அப்படி நடந்திருக்கிறது. அரசியல் சட்டத் திருத்தத்தில் அந்தக் குறுக்குவழியும் கிடையாது. ஜி.எஸ்.டி. திருத்தம் 2015 மே மாதம் மக்களவையைத் தாண்டியும், 2016 ஆகஸ்ட் வரை மாநிலங்களவைக்காகக் காத்திருந்தது.

நம் கரைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அரசியல் சட்டத்தின் 249-வது பிரிவு. மீன்வளம் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலமே சட்டம் இயற்றும் துறைகளில் இருக்கிறது. ஆனால் தேச நலன் கருதி, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களவை உறுப்பினர்கள் தீர்மானம் போட்டால், அதிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். மக்களவைக்கு இந்த உரிமை இல்லை. இந்த வாசலில் நம் சார்பில் காவல் நிற்பவர்கள் அந்த 18 பேரும்தான் என்பதால் அவர்களை நாம் விடாமல் கவனிக்க வேண்டும்.

அப்புறம், தொகுதி மேம்பாட்டு நிதி. ஒவ்வொரு எம்.பி.க்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். மாநிலங்களவை உறுப்பினர், தான் தேர்வான மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பணிகளைப் பரிந்துரைக்கலாம். பணம் அவர் கைக்கு வராது. மாவட்ட நிர்வாகம் சரிபார்த்து ஒப்புதல் தந்து வேலையை முடிக்கும். குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கூட வகுப்பறை, மீன் காயவைக்கும் தளம் போல ஊருக்குப் பொதுவாக நிலைத்து நிற்பதைக் கேளுங்கள். தனியாருக்குப் படகோ வலையோ, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் கட்டடமோ இதில் வராது. மனுவில் இடம் யாருடையது என்பதைத் தெளிவாக எழுதி, கிராம சபைத் தீர்மானம் இருந்தால் இணையுங்கள். தொகுதி எம்.பி.யிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தாலும் இவர்களிடமும் கொடுக்கலாம், தடையில்லை.