கொள்ளை என்றால் என்ன? திருட்டு, வழிப்பறியிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

‘பூட்டிய வீட்டில் நகை கொள்ளை’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. வீட்டில் ஆளே இல்லை, யாரையும் மிரட்டவில்லை. சட்டப்படி அது கொள்ளையே அல்ல, பூட்டை உடைத்துப் புகுந்து செய்த திருட்டு. கொள்ளையை ஆங்கிலச் சட்டச் சொல்லில் ‘ராபரி’ என்பார்கள். அந்தக் குற்றத்துக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். அவரை அடித்தோ மறித்தோ இருக்க வேண்டும். அல்லது அந்த நொடியே அப்படிச் செய்துவிடுவான் என்ற பயத்தை உண்டாக்கியிருக்க வேண்டும்.

‘ராபரி’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் ஜெர்மானிய வேருக்குச் சூறைப்பொருள் என்று அர்த்தம். அங்கியைக் குறிக்கும் ‘ரோப்’ என்பதும் அதே வேர்தான். பிறரிடமிருந்து உருவிய துணியும் சூறைப்பொருளாயிற்றே. நம்முடைய ‘கொள்ளை’ கொள் என்ற வினையிலிருந்து வந்தது.

1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் கொள்ளை 390-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 309. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு கொள்ளைக்குள்ளும் ஒரு திருட்டோ, மிரட்டிப் பறித்தலோ இருக்கும். சட்டமே தரும் உதாரணத்தைப் பாருங்கள். சாலையில் ஒருவரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ‘பர்ஸைக் கொடு, இல்லையென்றால் பள்ளத்தில் வீசிவிடுவேன்’ என்கிறான். அவர் கொடுத்துவிடுகிறார். இது கொள்ளை. ‘உன் குழந்தை எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, பணம் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம்’ என்று சொல்லி வாங்கினால் அது மிரட்டிப் பறித்தல் மட்டுமே. குழந்தை உடனே சாகும் என்ற பயம் இருந்தால்தான் கொள்ளையாகும்.

பறித்த பர்ஸோடு தப்ப, துரத்துகிறவரைக் கத்தியால் கீறினாலும் கொள்ளைதான். பர்ஸைப் போட்டுவிட்டு, பிடிபடாமல் இருக்க மட்டும் கல்லெறிந்தால் அது கொள்ளை ஆகாது. காயப்படுத்தியதற்குத் தனி வழக்கு.

தண்டனை 10 ஆண்டு வரை கடுங்காவல், அபராதமும் உண்டு. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை. காயம் விளைவித்தால் ஆயுள் வரை போகலாம். சங்கிலி பறிப்புக்குப் புதிய சட்டம் 304-ஆவது பிரிவைத் தனியாகவே வைத்திருக்கிறது, 3 ஆண்டு வரை சிறை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? காவல் நிலையத்திலும் பேச்சிலும் புழங்குவது ‘வழிப்பறி’. நல்ல சொல்தான், ஆனால் கடைக்குள் புகுந்து கத்தி காட்டினால் அது பொருந்தாது. சங்க இலக்கியம் வழிப்போக்கரைத் தாக்கிப் பறிப்பவரை ‘ஆறலை கள்வர்’ என்கிறது. வேலோடு நின்றவன் ‘இடு’ என்பதைக் குறள் சொல்கிறது. எதிரே நிற்றல், பயம், அங்கேயே கொடுத்தல் என்று, மிரட்டிப் பறித்தல் கொள்ளையாகச் சட்டம் கேட்கும் மூன்றும் அந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகின்றன.

பொதுச் சொல்லாகக் ‘கொள்ளை’யையே வைத்துக்கொள்ளலாம், ஆளில்லாத வீட்டுக்கு மட்டும் அதை எழுதாமல் இருந்தால் போதும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் ‘கூட்டுக்கொள்ளை’. அதற்கு ஆயுள் தண்டனையோ, 10 ஆண்டு வரை கடுங்காவலோ கிடைக்கும். நான்கு பேர் என்றால் வெறும் கொள்ளைதான்.